ஃபைபர் படகின் கோருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கனடாவின் சிம்கோ ஏரியிலோ ஜார்ஜியன் விரிகுடாவிலோ ஓட்டுவதற்குப் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைப் பற்றித்தான். எத்தனை மணி நேரம் ஓடியது, எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். எஞ்சின் கெட்டால் வேறொன்றை மாட்டிவிடலாம். படகின் உடல் உள்ளே ஊறிப்போயிருந்தால் சரிசெய்யும் செலவு படகின் விலையையே தாண்டிவிடக்கூடும். வெளியிலோ, மெழுகு போட்டுத் துடைத்த பளபளப்பைத் தவிர எதுவும் தெரியாது.

யாழ்ப்பாணத்துக் காரைநகரிலும் வடமராட்சியிலும் நாம் பார்த்துப் பழகிய மீன்பிடி வள்ளங்கள் பெரும்பாலும் முழுக்க ஃபைபரால் ஆனவை. அடி பட்டால் தேய்த்து, ஃபைபர் பாயும் இறுகும் ரெசின் பசையும் வைத்து ஒட்டுப் போட்டால் வேலை முடிந்தது. வட அமெரிக்காவின் உல்லாசப் படகுகள் பலவற்றின் கட்டுமானம் வேறு. இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகளுக்கு நடுவே இலேசான ஒரு பொருளை வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த நடு அடுக்குதான் கோர். ஒரு தகட்டை இரண்டாகப் பிரித்து நடுவே கோர் வைத்து மொத்தக் கனத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு ஏறத்தாழ 7 மடங்காகும். நான்கு மடங்காக்கினால் 37 மடங்கு வரை போகும். எடை மிகக் கொஞ்சமே கூடும். இந்தக் கணக்கு முழுவதும் தகட்டுக்கும் கோருக்கும் இடையிலான ஒட்டை நம்பியே நிற்கிறது. ஒட்டு விட்டுப்போனால் கையில் மிஞ்சுவது துவளும் இரண்டு மெல்லிய தகடுகள் மட்டுமே.

கோராகப் பயன்படுபவற்றில் முக்கியமானது ஈக்வடாரில் விளையும் பால்சா மரம். நார்கள் செங்குத்தாக நிற்கும்படி குறுக்கே அறுத்து வைப்பார்கள். அடுத்தது பி.வி.சி. போன்ற மூடிய அறைகள் கொண்ட நுரை. எஞ்சினைத் தாங்கும் பின்பலகையான டிரான்சத்திலும், அடியில் நெடுக்காக ஓடும் ஸ்டிரிங்கர் சட்டங்களிலும் பழைய படகுகளில் பெரும்பாலும் ஒட்டுப்பலகையே இருக்கும். பல படகுகளில் நீர்மட்டத்துக்குக் கீழே முழு ஃபைபரும், பக்கச் சுவரிலும் மேல்தளமான டெக்கிலும் மட்டும் கோரும் இருக்கும். சிலவற்றில் அடிப்பகுதியிலும் கோர் உண்டு. விற்பவரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பக்கச் சுவரில் திருகி மாட்டியிருக்கும் ஏதாவது ஒரு பொருத்தைக் கழற்றி, துளையின் விளிம்பைப் பார்த்தால் என்ன அடுக்கு என்பது தெரிந்துவிடும்.

கை வைக்கும் முன்

பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தி, ஈரப்பத மானி, டார்ச், மெழுகுப் பென்சில், மறைப்பு டேப் ஆகியவை போதும். படகு கரையேறி, மேற்பரப்பு காய்ந்து, படகின் அடிக்குழியான பில்ஜில் நிற்கும் தண்ணீர் வெளியேறியிருக்க வேண்டும். பார்த்ததை எல்லாம் படகின் மேலேயே பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். எங்கே தொடங்கி எந்தத் திசையில் பரவியிருக்கிறது என்ற வடிவம்தான் பின்னால் விடை சொல்லும்.

நடந்தால் டெக் அமுங்குகிறது

அதிகம் காணப்படும் அறிகுறி இதுதான். முன்பக்கக் கயிறு கட்டும் கிளீட், கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டு, நங்கூரம் இழுக்கும் வின்ச், மேல்மூடியின் விளிம்பு ஆகியவற்றைச் சுற்றியே முதலில் தென்படும். ஒருவர் மேலே மெதுவாக நடக்க, இன்னொருவர் உள்ளே படுத்து டார்ச் அடித்துக் கூரையைப் பார்க்க வேண்டும். கால் படும்போது உள்தகடு அசைகிறதா, நெறுநெறுவென்று சத்தம் வருகிறதா, திருகு ஆணிகளின் ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று கவனியுங்கள். சத்தமும் கசிவும் சேர்ந்து வந்தால் அந்த இடத்தில் கோர் போய்விட்டது என்றே கொள்ளலாம்.

அமுங்குகிறது, ஆனால் எங்கும் ஈரம் இல்லை என்றால் வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். பலகை மெல்லியதாகக் கட்டப்பட்டிருக்கலாம். கட்டும்போதே ஒட்டு சரியாகப் பிடிக்காமல் விட்டிருக்கலாம்.

எதுவானாலும் கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டில் ஒரே ஒரு திருகைக் கழற்றிப் பாருங்கள். நல்ல கோரில் இருந்த திருகு இறுக்கமாக, கடைசிச் சுற்று வரை எதிர்ப்புக் கொடுத்துக்கொண்டு, உலர்ந்து வெளியே வரும். ஊறிய கோரில் இருந்தது இரண்டு சுற்றிலேயே தளர்ந்துவிடும். மரைகளின் இடுக்கில் கறுப்புக் குழம்பு ஒட்டியிருக்கும். துளையிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் எழும்பி, டெக்கின் சாய்வில் மெல்லிய கோடாக ஓடும். அழுகிய மரத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறும். இதைப் பார்த்துவிட்டால் அந்தப் பொருத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது மட்டுமே மிச்சம்.

தட்டினால் மந்தமான ஒலி

பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற காதுதான் இங்கே வேண்டும். நன்றாக ஒட்டியிருக்கும் பலகை கூர்மையாகவும் குறுகலாகவும் ஒலிக்கும். சுத்தி கையில் துள்ளித் திரும்பும். ஒட்டு விட்ட இடத்தில் ஒலி தட்டையாக, பொத்தென்று விழும். ஒரு கைப்பிடி அளவு இடைவெளி விட்டு, வரிசை வரிசையாகத் தட்டி, ஒலி மாறும் எல்லையைப் பென்சிலால் வரையுங்கள்.

மந்தமான ஒலி எல்லாமே தண்ணீர் அல்ல. பின்னால் தடுப்புச் சுவரோ ஸ்டிரிங்கரோ ஒட்டியிருந்தாலும், கோர் முடிந்து முழு ஃபைபர் தொடங்கும் இடத்திலும் ஒலி மாறும். அந்த மாற்றம் நேர்கோடாக இருக்கும். படகின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் கேட்கும். கட்டும்போது விடுபட்ட வெற்றிடம் என்றால் சுற்றுவட்டாரத்தில் எந்தத் துளையும் இல்லாமல் தனித்த திட்டாக நிற்கும். தண்ணீர்ச் சேதம் இந்த இரண்டைப் போலவும் இருக்காது. ஏதாவது ஒரு துளையிலிருந்து தொடங்கி, ஒழுங்கற்ற ஓரத்துடன், சாய்வு போகும் பக்கமாக நீண்டிருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். ஈரமாகியும் ஒட்டு விடாத பால்சா, தட்டினால் ஏறத்தாழ நன்றாகவே ஒலிக்கும். ஆகவே சுத்தி சொல்வதை மட்டும் நம்பிப் படகுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

மானி உச்சத்தைக் காட்டுகிறது, ஒலி நன்றாக இருக்கிறது

இந்த அறிகுறியைக் கண்டு பயந்துபோய் நல்ல படகைக் கைவிட்டவர்கள் பலர். அதே அறிகுறியைக் கண்டும் காணாமல் ஊறிய படகை வாங்கியவர்களும் பலர். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

படகு பார்ப்பவர்கள் பயன்படுத்தும் மானி பரப்பில் வைத்துப் பார்க்கும் வகையைச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் பொருளின் மின்தன்மை எப்படி மாறுகிறது என்பதைத்தான் அது உணர்கிறது. அதில் தெரியும் சதவீதம் மரத்துக்காக வகுத்த அளவுகோல். ஃபைபரின் மேல் வைத்துவிட்டு ‘இங்கே 25 சதவீதம் ஈரம்’ என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. ஒரே படகில், உலர்ந்தது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை முதலில் அளந்து, அதோடு ஒப்பிட்டு மட்டுமே பேச வேண்டும். உள்ளே எரிபொருள் தொட்டி, உலோகத் தகடு, மின்கம்பிக் கட்டு, பில்ஜ் தண்ணீர் எது இருந்தாலும் முள் எகிறும். செம்பு கலந்த அடிவண்ணம் பூசியிருந்தாலும் அப்படித்தான். நேற்றுத்தான் நீரிலிருந்து தூக்கிய படகில் வெளித்தகடே ஈரத்தை ஏந்தியிருக்கும். ஓரிரு வாரம் கழித்து மறுபடி அளப்பது நல்லது.

கனடாவில் இருப்பவர்கள் இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறைந்த தண்ணீரை இந்த மானிகள் தண்ணீராக உணர்வதில்லை. ஜனவரியில், பனிக்குளிரில், உறை போட்டு நிறுத்தியிருக்கும் படகை அளந்தால் ஊறிய கோரும் உலர்ந்ததாகவே காட்டும். குளிர்காலத்தில் விலை குறைவு என்று வாங்கப் போகிறவர்கள், படகு முழுவதும் உறைநிலைக்கு மேல் வந்து சில நாள் ஆன பிறகு சோதனை செய்யலாம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

மானி உயர்ந்தும் ஒலி நன்றாகவும் இருந்து, மேலே சொன்ன காரணங்கள் எதுவும் பொருந்தவில்லையா? அப்படியானால் கோர் ஈரமாகிவிட்டது, ஒட்டு இன்னும் விடவில்லை என்பதே பெரும்பாலும் விடை. துளையிட்டுப் பார்க்கும் கட்டம் இதுதான்.

கரையேற்றிப் பல நாள் ஆகியும் துளி வடிகிறது

இலையுதிர் காலத்தில் தூக்கி நிறுத்திய படகின் அடியில், ஒரு பொருத்தின் ஓரத்திலிருந்து பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். துடைத்துவிட்டு, நாளையும் மறுநாளும் வந்து பாருங்கள். மழையே இல்லாமல் திரும்பவும் வந்தால், தண்ணீர் உள்ளே தேங்கி நிற்கிறது. உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் விரியும். நிரம்பிய கோரில் அது தகட்டையும் கோரையும் பிரித்துத் தள்ளும். வசந்தத்தில் உருகி, உண்டான புது இடைவெளிக்குள் பரவும். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் பெயர்க்கும். நுரைக் கோர் அழுகாது என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பெயர்ப்பிலிருந்து அதுவும் தப்புவதில்லை.

ஏரிப் படகுகளுக்கு வேறொரு பாதகமும் உண்டு. உப்பு, மரத்தை அழிக்கும் பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும். நன்னீருக்கும் மழைநீருக்கும் அந்தக் குணம் இல்லை. ‘இது கடலே பார்க்காத படகு’ என்ற விளம்பர வாசகம் எஞ்சினுக்கு நல்ல செய்தி. பால்சாவுக்கும் ஒட்டுப்பலகைக்கும் அல்ல.

டிரான்சம் அசைகிறது, விரிசல் தெரிகிறது

டிரான்சத்தில் சந்தேகம் வந்தால் அது தீரும்வரை படகை ஓட்டாதீர்கள். எஞ்சின் முழுவதும் தொங்குவது அந்தப் பலகையில்தான்.

டிரான்சத்துக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினைப் பாதி உயர்த்தி, அதன் கீழ்ப்பாகத்தை உடல் எடையால் அழுத்துங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பைக் கண்கொட்டாமல் பார்க்கட்டும். எஞ்சின் தன் மூட்டுகளில் அசையலாம். பலகை அசையக் கூடாது. பிறகு ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். போல்ட்டுகளின் வாஷர்கள் ஃபைபருக்குள் புதைந்திருந்தாலோ, பலகை உள்வளைந்திருந்தாலோ உள்ளே இருக்கும் மரம் நசுங்கிவிட்டது. எஞ்சின் உள்ளேயும் அதன் இயக்கும் பாகம் டிரான்சத்துக்கு வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவ் படகானால், அதன் போல்ட்டுகளை எத்தனை தரம் இறுக்கினாலும் மறுபடி தளர்கிறதா என்று பராமரித்தவரிடம் கேளுங்கள்.

தண்ணீர் நுழைந்த வழி பெரும்பாலும் எஞ்சின் போல்ட் அல்ல. பில்ஜ் தண்ணீரை வெளியேற்றும் அடைப்பானின் துளை, ஆழமானியின் உணரியைப் பிடிக்கும் இரண்டு சிறு திருகுகள், படகின் சாய்வைச் சரிசெய்யும் டிரிம் டேப் தகடு, நீச்சல் ஏணி ஆகியவையே முதல் குற்றவாளிகள். அடைப்பான் துளையில் வெறும் ஒட்டுப்பலகை விளிம்பின் மேல் ஒரு பித்தளைக் குழாயைச் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் குழாய் ஒரு பக்கம் வெடித்தால், படகில் தண்ணீர் நிற்கும் நேரமெல்லாம் மரம் குடித்துக்கொண்டே இருக்கும். குழாயைக் கழற்றி, உள்விளிம்பை ஒரு குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி தடையின்றி இறங்கினால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

படகு கனத்துவிட்டது

முன்பு போல எழும்பி ஓடவில்லை, பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது என்றால் உடனே கோரைப் பழிக்க வேண்டாம். அமெரிக்க விதிகளின்படி 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் மூழ்காமல் தாங்கும் மிதவை ஏற்பாடு இருக்க வேண்டும். அதற்காகத் தளத்துக்கு அடியில் நுரை ஊற்றியிருப்பார்கள். பல ஆண்டுகள் தண்ணீரில் கிடந்தால் அந்த நுரையும் ஊறும். டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் சொன்ன எடையோடு எரிபொருளையும் சாமான்களையும் கூட்டி ஒப்பிடுங்கள். நூற்றுக்கணக்கான கிலோ வேறுபாடு வந்தால், தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு பார்வைத்துளை வெட்டி நுரையைப் பிழிந்து பாருங்கள். நுரை ஊறியிருந்தால் அதை ஒட்டியிருக்கும் ஸ்டிரிங்கரையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

அடியில் கொப்புளங்கள்

இவை வெளிப்பூச்சான ஜெல் கோட்டுக்கு அடியிலும் வெளித்தகட்டிலும் உண்டாகும் சவ்வூடுபரவல் கொப்புளங்கள். கோர் ஊறியதற்கு இது சாட்சி அல்ல. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்தினால் வினிகர் வாடையுள்ள திரவம் வரும். சில கொப்புளங்களைத் தனித்தனியாகத் தேய்த்து எப்பாக்ஸி என்னும் இறுகும் பசையால் அடைத்துவிடலாம். படகைத் தள்ளிவிட இது ஒன்றே காரணமாகாது.

வேகத்தில் அடிப்பகுதி துடிக்கிறது

அலையில் மோதும்போது அடிப்பலகை உள்ளே வெளியே என்று துடிப்பது காலில் தெரிந்தால் வேகத்தைக் குறைத்துக் கரைக்கு வாருங்கள். அடியில் கோர் உள்ள படகில், அடைக்காத துளையின் விளிம்பு வழியே வேகத்தில் தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே ஏறும்; ஒட்டுவிட்ட வெளித்தகடு அப்படியே உரிந்துபோகவும் கூடும். இந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்துச் செய்யக் கூடாது.

துளையிட்டு உறுதி செய்தல்

உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் உள்பக்கமிருந்து மட்டுமே துளையிடுங்கள். வெளித்தகட்டைத் தொடாமல் இருக்க, துளையூசியில் வேண்டிய ஆழத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். உள்தகட்டைக் கடந்ததும் வேகத்தைக் குறைத்து, வரும் தூளை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். நல்ல பால்சாவின் தூள் வெளிர் மஞ்சளாக, ஊதினால் பறக்கும். ஈரமானது விரலிடுக்கில் உருட்டினால் உருண்டையாகும், நிறம் மட்டும் மாறாமல் இருக்கும். இந்தக் கட்டத்தில் நுழைவழியை அடைத்து, சின்ன இடமானால் காயவைத்துக் காப்பாற்றிவிட வாய்ப்பு உண்டு. பழுப்பும் கறுப்புமாக, நாரே தெரியாத கூழாக வந்தால் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் வட்ட ரம்பத்தால் ஒரு சிறு வில்லை எடுத்து, தகடுகளைப் பிரித்து, கோர்த் துண்டை மட்டும் எடைபோட்டு, சுமார் 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, மறுபடி எடைபோடுங்கள். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் உண்மையான ஈரப்பதம் கிடைக்கும். பால்சா மிக இலேசான மரம் என்பதால் 100 சதவீதத்தைத் தாண்டினாலும் வியப்பதற்கில்லை. 19 மி.மீ. கனமுள்ள பால்சா சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோதான். முழுக்க ஊறினால் அதுவே 15 கிலோவுக்கு மேல் தண்ணீர் சுமக்கும்.

தண்ணீர் வந்த வழி

பால்சாவின் நார்கள் செங்குத்தாக நிற்பதால், தண்ணீர் தகட்டிலிருந்து தகட்டுக்கு எளிதாக ஏறும். பக்கவாட்டில் மெதுவாகத்தான் நகரும். அப்படியிருந்தும் சில படகுகளில் ஒரு சிறு திருகிலிருந்து மீட்டர் கணக்கில் பரவியிருப்பது ஏன்? வளைவுகளில் படியவேண்டும் என்பதற்காகக் கோரைச் சிறு சதுரங்களாக வெட்டி, பின்னால் வலைத்துணி ஒட்டித் தருவார்கள். அந்த வெட்டு இடுக்குகள் அத்தனையையும் ரெசின் நிரப்பியிருந்தால் ஒவ்வொரு சதுரமும் தனி அறை. நிரப்பாமல் விட்டிருந்தால் படகு முழுவதும் வாய்க்கால். நுரைக் கோரிலும் இதே கதைதான்.

நுழைவழியைக் கண்டுபிடிக்காமல் சேதத்தை மட்டும் சரிசெய்பவர் அதே வேலையைத் திரும்பச் செய்வார். மந்தமான பகுதியின் வரைபடத்தில் மிக உயரமான துளை எது என்று பாருங்கள். முதல் சந்தேகம் அதன்மேல்தான். பெரும்பாலும் அது கட்டியவர் போட்ட துளை அல்ல, பிற்பாடு யாரோ மீன்தூண்டில் தாங்கியோ ஆண்டெனாவோ வைப்பதற்காகப் போட்டதாக இருக்கும்.

சரிசெய்தல்

மேலிருந்து சிறு துளைகள் போட்டு, நீர்த்த எப்பாக்ஸியைச் செலுத்தினால் எல்லாம் கெட்டியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஏற்கெனவே தண்ணீர் நிறைந்த மரத்துக்குள் அது போவதில்லை. விட்டுப்போன ஒட்டையும் அது மீட்டுத் தருவதில்லை. அமுங்கிய இடம் சில மாதம் விறைத்து நிற்கும், அதற்குள் படகு கைமாறிவிடும். இது பூசி மெழுகும் வேலை.

ஒரு பொருத்தைச் சுற்றிச் சில சென்டிமீட்டர்தான் ஈரம் என்றால், வளைத்த ஆணியைத் துளையியில் மாட்டி, தகடுகளுக்கு இடையில் உள்ள கோரைத் துருவி எடுங்கள். காயவிட்டு, கீழே டேப் ஒட்டி, சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே புதுத் துளை போடுங்கள். இனி ஓரத்தில் கசிந்தாலும் தண்ணீர் படுவது எப்பாக்ஸியின் மேல்தான். படகில் புதிதாகப் போடும் ஒவ்வொரு துளையையும் முதல் நாளே இப்படிச் செய்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது.

பெரிய இடமானால் ஒரு பக்கத் தகட்டை வெட்டித் திறக்க வேண்டும். உலர்ந்த, கெட்டியான கோர் வரும்வரை ஈரமானதை எடுத்துவிட்டு, புதுக் கோரை எப்பாக்ஸியில் பதித்து, இடுக்குகளை நிரப்பி, தகட்டை மீண்டும் கட்டுங்கள். பழைய தகட்டின் விளிம்பைக் கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும், 3 மி.மீ. தகட்டுக்கு 36 மி.மீ. சரிவு. தேய்க்கும்போது தூள் வடிகட்டும் சுவாசக் கவசம் இல்லாமல் இறங்காதீர்கள். டிரான்சத்தையும் அடிப்பகுதியையும் முன் அனுபவம் உள்ளவரிடம் விடுவதே சரி.

வாங்குவதற்கு முன்பே இதெல்லாம் தெரியவந்தால்? டெக்கில் கையகல ஈரத்துக்கு விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். டிரான்சம் என்றால் சரிசெய்யும் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கிய பிறகே பேச்சு. அடிப்பகுதிக் கோர் ஊறியிருந்தால் விட்டுவிட்டு அடுத்த படகைப் பாருங்கள். படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை நீங்களே தேடி, நீங்களே பணம் கொடுத்து அமர்த்துங்கள்; விற்பவரின் தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம். சுத்தியும் மானியும் இரண்டும் கொண்டுவருவீர்களா, குறித்த வரைபடத்தின் படத்தை அறிக்கையில் சேர்ப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.